கறுப்பு கேபினெட், விளக்கு இல்லாதது

தென்னூர், திருச்சி
6-10-2025

ஹஃப்ஸா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகை முடிந்ததும், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். வாங்கப்போகும் கம்ப்யூட்டரின் கேபினெட் கறுப்பாக இருக்கும். அதில் கலர் விளக்கு எரியாது. ஆலோசனையில் கலந்துகொண்டது நான் மட்டும். முடிவு ஏகமனதானது.

கேபினெட் என்பது உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் வைத்து மூடும் இரும்புப் பெட்டி. கடையில் பார்த்தால் பாதிப் பெட்டிகள் கல்யாண மண்டபம் மாதிரி பச்சையும் ஊதாவுமாக மின்னுகின்றன. அந்த விளக்குக்குக் கொடுக்கிற காசில் இன்னும் கொஞ்சம் நல்ல பிராசஸர் வரும் என்று ஹரிபிரசாத் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஹரிபிரசாத் யார் என்று கேட்பீர்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் பூட்டித் தருகிறவர். ஐம்பது வயது. எங்கள் காலேஜ் லைப்ரரியின் நான்கு கம்ப்யூட்டரும் அவர் கை வேலை. பதினோரு வருடமாக ஓடுகின்றன, நானும் அதே லைப்ரரியில் பதினோரு வருடமாக ஓடுகிறேன், பழுது பார்க்க அவரை அழைத்தது இரண்டே முறை. நெற்றியில் நாமத்தோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார் என்றால் டாக்டர் மாதிரிதான் பேசுவார். நான் எஸ்எம்பிஎஸ்ஸில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்டேன். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பாகம்தானே, நானூற்றைம்பது வாட் போதாதா என்றேன். "மேடம், கரண்டைக் குடுக்கறவனாச்சே, அவன்கிட்டப் போய் மிச்சம் பிடிப்பேளா? அவன் போனா தனியாப் போக மாட்டான், எல்லாத்தையும் அழைச்சிண்டு போவான். அறுநூத்தம்பது போடுங்கோ" என்றார். போட்டேன்.

இடத்தையும் அளந்துவிட்டேன். படுக்கையறையில் பீரோவுக்கும், அடுத்த பயணத்துக்கு என்று நீங்கள் விட்டுப்போன இரண்டு பயணப் பெட்டிகளுக்கும் நடுவே இருபத்தோரு சென்டிமீட்டர் இருக்கிறது. அதற்குள் அடங்குகிற சின்ன கேபினெட்டாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் எழுபதாயிரத்துக்குள். போனில் நீங்கள் "வாங்கு வாங்கு" என்றது எனக்குக் கேட்டது. ஆனால் நம் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். உடம்பு, சாப்பாடு, மழை எல்லாம் போனில். முடிவு என்றால் காகிதத்தில், கையெழுத்தோடு. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அசலை நீங்களே வைத்திருக்கலாம். குரல் செய்தி செல்லாது. 2012-இல் "இதுதான் கடைசிப் பயணம்" என்று போனில் சொல்லிவிட்டு, பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்று நீங்கள் சாதித்த நாளிலிருந்து இது அமலில் இருக்கிறது.

உங்கள் எழுத்துபூர்வமான சம்மதத்தை எதிர்பார்த்து,
நஜ்முன்னிசா


தம்மாம்
10-10-2025, வெள்ளி

அன்புள்ள நஜ்மு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கேபினெட் என்றதும் சமையலறைக்கு ஏதோ மர அலமாரி வாங்குகிறாய் என்று நினைத்துவிட்டேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கூட இருக்கும் இம்தியாஸுக்குத் தெரியும். பட்டியலை அவனிடம் காட்டினேன். "ரசூல் பாய், இது படிக்கிற மிஷின் இல்ல, கேம் ஆடுற மிஷின். இந்த கிராஃபிக்ஸ் கார்டை வச்சு யாரும் எக்ஸாம் எழுத மாட்டாங்க" என்றான். ஹஃப்ஸா படிக்க என்றுதானே நீ போனில் சொன்னாய்? அவள் இருப்பதோ சென்னை விடுதியில். டெஸ்க்டாப்பை வீட்டில் வைத்தால் அவள் எப்படிப் படிப்பாள்? வேண்டுமானால் அவளுக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கு. எங்கே போனாலும் கையோடு கொண்டு போகலாம். நம்மைப் போல ஒரு இடத்தில் நிற்காதவர்களுக்கு லேப்டாப்தான் சரி.

இன்னொன்று. போன வருடம் நான் பணம் அனுப்பி அவளுக்கு ஒரு லேப்டாப் வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அது என்ன ஆயிற்று?

உண்மையைச் சொல், கோபப்பட மாட்டேன். இது யாருக்கு? உன் அண்ணன் சேக் மைதீனுக்கு என்றால் அதையும் சொல்லிவிடு. லால்குடியில் லாரி வைத்திருக்கிறவருக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

டிரெய்லரில் இரும்புக் குழாய் ஏற்றியிருக்கிறது. கம்பெனி வாசலில் முறை வரும்வரை ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சம்மதம் அடுத்த கடிதத்தில், உன் பதிலைப் பார்த்துவிட்டு.

உன்,
ரசூல்


தென்னூர்
13-10-2025

ஹஃப்ஸா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஹஃப்ஸாவின் லேப்டாப் ஹஃப்ஸாவிடம் நலமாக இருக்கிறது. அவள் பிளஸ் டூவில் வைத்திருந்த பழைய லேப்டாப் என்னிடம் இருக்கிறது, அது நலமாக இல்லை. கம்ப்யூட்டர் எனக்கு.

நாற்பத்து மூன்று வயதில், எம்.ஏ. சரித்திரம் படித்த, பெண்கள் காலேஜ் லைப்ரேரியன் ஒருத்தி விளையாடுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்குகிறாள் என்பதைத் தென்னூர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்தேன். அதனால்தான் மகள் படிப்பு என்றேன். மகள் படிப்பு என்றால் இந்த ஊரில் யாரும் எதையும் கேட்பதில்லை.

என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். துப்பாக்கி இல்லை, ராட்சசன் இல்லை. டிரெய்லர் ஓட்டுவது. சரக்கை ஏற்ற வேண்டும், அறுநூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், நேரத்துக்குள் இறக்க வேண்டும். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டித் தூங்க வேண்டும், இல்லையென்றால் திரை கறுத்துக் கறுத்து வரும். முதல் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லாம் டிரெய்லர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். மூன்று கம்பம், ஒரு பெட்ரோல் பங்க். இப்போது ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்துகிறேன்.

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினாறு வருடமாகப் போனில் உங்களிடம் "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்கிறேன். நீங்கள் "ம்... ஓடுச்சு" என்பீர்கள். உங்களுக்குப் பேச விருப்பம் இல்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஒரே ரோட்டில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போனேன். முடிந்ததும் ஹஃப்ஸா போன் செய்து "எப்படிம்மா போச்சு?" என்றாள். "ம்... ஓடுச்சு" என்றேன். அதற்கு மேல் சொல்ல உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

பழைய லேப்டாப்பில் அந்த ரோடு விட்டு விட்டுத்தான் வருகிறது. எதிரே வரும் பஸ் தூரத்தில் ஒரு முறை தெரியும், அப்புறம் கண்ணாடியில் தெரியும். நடுவில் அது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சூடு வேறு. மேலே தோசை ஊற்றலாம்.

புது லேப்டாப் வாங்கலாமே என்றீர்கள். ஹரிபிரசாத்திடம் கேட்டேன். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெயர் ஒன்றே போட்டிருப்பார்களாம். ஆனால் லேப்டாப்புக்குள் இருப்பதற்கு வலு குறைவு, சீக்கிரம் சூடாகிவிடும், கழற்றி மாற்றவும் முடியாது. பெயர் அதேதான், ஆள் முழுசாக வந்திருப்பதில்லை. போனில் வரும் கணவரைப் போல என்று நான் சொல்லவில்லை, நினைத்தேன்.

ரேமை மட்டும் முன்னதாக வாங்கிவிட்டேன். வாரத்துக்கு ஒரு விலை சொல்கிறார்கள். பதினாறு ஜிபியை ஒன்றாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு. ஒற்றையாகப் போட்டால் வேகம் வராதாம்.

சம்மதம் வேண்டும். கையெழுத்தோடு.

நஜ்முன்னிசா


தம்மாம்
7-11-2025, வெள்ளி

அன்புள்ள நஜ்மு,

சம்மதம். ரசூல், ரசூல், ரசூல். மூன்று கையெழுத்து போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இம்தியாஸ் "என்ன பாய், ஊருல ஏதும் பிரச்சினையா?" என்றான். "என் வீட்டம்மா டிரெய்லர் ஓட்டுறா" என்றேன். அவன் ஊருக்குப் போன் செய்து தன் மனைவியிடம் சொல்லிவிட்டான். இப்போது அந்த அம்மாவும் என்ன விளையாட்டு என்று கேட்கிறாளாம்.

இந்த மூன்று வாரமும் சும்மா இருக்கவில்லை. இரண்டு காரியம் செய்துவிட்டேன். முதலாவது, இங்கே கேம்ப்பில் ஊருக்குத் திரும்பிய ஒரு மலையாளியிடம் இருந்து ஒரு பழைய கேமிங் லேப்டாப்பைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். உன்னோடு சேர்ந்து ஓட்டத்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாம் இரண்டு பேரும் நெட் வழியாக ஒன்றாக ஓட்டினோமே, அதில் ஒன்றை நீ கவனித்தாயா? முன்னால் போன நீ ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக இண்டிகேட்டர் போட்டாய். பதினாறு வருடத்தில் இந்த ஊரில் எனக்காக யாரும் இண்டிகேட்டர் போட்டதில்லை.

இம்தியாஸின் கேலி மட்டும் தாங்கவில்லை. "ரசூல் பாய், பத்து மணி நேரம் ஓட்டிட்டு வந்து மறுபடி ஓட்டுறீங்க. ஓவர்டைம் யாரு குடுப்பா, அண்ணியா?" என்கிறான்.

இரண்டாவது காரியம், நீ அதிர்ச்சி அடையக் கூடாது. கிராஃபிக்ஸ் கார்டை நீ அங்கே வாங்க வேண்டாம். இங்கே கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து நானே வாங்கிவிட்டேன். மூன்று காற்றாடி வைத்தது. வரும் புதன்கிழமை எங்கள் கேம்ப் நல்லதம்பி ஊருக்கு வருகிறார். ஒரு கம்பளிக்குள் சுற்றி, கோடாலித் தைலப் புட்டிகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். தைலம் பக்கத்து வீட்டுக்கு. கூடவே ஹஃப்ஸாவுக்கு ஒரு உடுப்பு.

எதையும் யோசிக்காமல் ஓட்டு. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்.

உன்,
ரசூல்


தென்னூர்
17-11-2025

ஹஃப்ஸா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கார்டு வந்து சேர்ந்தது. நல்லதம்பி அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிவந்தார். தைலம் சிந்தவில்லை. ஜசாக்கல்லாஹ்.

சனிக்கிழமை எல்லாச் சாமான்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். ஹரிபிரசாத் பிராசஸரைப் பொருத்தி, ரேம் இரண்டையும் சொருகி, மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்துத் திருகினார். அப்புறம் கார்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வீதியில் நாதஸ்வரம் கேட்டது. புறப்பாடு. "ஒரு நிமிஷம் மேடம், பெருமாள் வரார்" என்று கார்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். பல்லக்கு தாண்டிப் போகும்வரை நான் உங்கள் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் திரும்பி வந்து வைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கேபினெட்டின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் டேப் எடுத்தார்.

"கேபினெட் இருபத்தெட்டு சென்டிமீட்டர்தான் வாங்கிக்கும். கார்டு முப்பத்துமூணு. யார் மேடம் வாங்கினா?"

"வீட்டுக்காரர். சவுதியிலேர்ந்து அனுப்பினாரு."

"அளவு கேட்டுண்டாரா?"

"அவர் எதுக்குமே அளவு கேக்க மாட்டாருங்க."

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்.

ஹஃப்ஸாவுக்கு அனுப்பிய உடுப்பும் அவளுக்குப் பத்தவில்லை. இது முதல் தடவை இல்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் கடைசியாக ஊருக்கு வந்தபோது அவள் எவ்வளவு உயரம் இருந்தாளோ அந்த அளவில் வாங்குகிறீர்கள். ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருக்கிறது. அதையே பார்த்துப் பழகிய எனக்கு, நீங்கள் வாங்கிய ஒரு பொருள் முதல் முறையாகப் பெரிதாக இருந்தது ஒரு மாற்றமாகத்தான் இருந்தது.

இப்போதைய நிலைமை இது. நேற்று ஹரிபிரசாத் இங்கே வந்து, கேபினெட் இல்லாமலே மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, கார்டை நிற்கவைத்து, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஓடவிட்டுப் போயிருக்கிறார். சுவிட்ச் போடுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு பொட்டுக் குங்குமம் வைக்கட்டுமா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் குங்குமம் வைத்தார், நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன், கம்ப்யூட்டர் ஓடியது. பல்லி விழாமல் இருக்க இரவில் சாப்பாட்டு வலையைப் போட்டு மூடி வைக்கிறேன். ரோடு இப்போது கண்ணாடி மாதிரி தெரிகிறது. எதிரே வரும் பஸ் நடுவிலும் இருக்கிறது.

ஆனால் இப்படியே வைத்திருக்க முடியாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கார்டை விற்றுவிட்டு, சின்ன கேபினெட்டுக்குள் அடங்குகிற கார்டாக வாங்குவது. இன்னொன்று, கார்டை வைத்துக்கொண்டு பெரிய கேபினெட் வாங்குவது. பெரிய கேபினெட்டைப் படுக்கையறையில் வைக்க வேண்டுமென்றால் உங்கள் இரண்டு பயணப் பெட்டிகளும் அங்கிருந்து போக வேண்டும். வேறு இடமும் இல்லை. பரணில் வைக்கலாமே என்பீர்கள். பரணில் வைக்கிற பெட்டி என்றால் அது மறுபடி போகாத பெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து இறக்கி, தூசி தட்டி, எடை பார்த்து, கயிறு கட்டுவதற்கு எனக்கு இனிமேல் தெம்பு இல்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்று டிசம்பர் இருபதுக்குள் கம்பெனியில் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றீர்கள். ஹரிபிரசாத்துக்கும் அதே இருபதுதான் கெடு. பகல் பத்து தொடங்கிவிட்டால் உற்சவம் முடியும்வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டாராம்.

வீட்டுக் கடன் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் சேக் மைதீன் லால்குடி ரைஸ் மில்லுக்கு ஓட்டும் லாரியில் பாதிப் பங்கு தருகிறேன், மச்சான் வந்தால் ஓட்டிக்கொள்ளட்டும் என்கிறார். அதனால் கேட்கிறேன். பெரிய கேபினெட்டா, சின்னதா? எழுதுங்கள்.

நஜ்முன்னிசா


தம்மாம்
28-11-2025, வெள்ளி

அன்புள்ள நஜ்மு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. போனில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி என்று மட்டும் கேட்டாய். சட்டத்தை நீ இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதிலை எழுதுகிறேன். கார்டை விற்றுவிடு. சின்னதாக வாங்கிக்கொள். பெட்டிகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இன்னும் ஒரே ஒரு வருடம்.

ஏன் என்று நீ கேட்பாய். நீயாகக் கேட்காவிட்டாலும் அந்த மௌனம் கேட்கும். இங்கே என் வண்டிக்கு இருபத்திரண்டு சக்கரம். கம்பெனியில் புதிதாக வருகிற டிரைவர்களை என்னோடுதான் முதலில் அனுப்புவார்கள். வாசலில் இருக்கும் பாகிஸ்தானி எழுந்து நின்று "ரசூல் பாய்" என்பார். லால்குடியில் ஆறு சக்கரம். நெல் மூட்டை. அதுவும் மச்சானின் வண்டி. ஊரில் நான் யார்? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து, எல்லார் வீட்டிலும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். நிரந்தரமாக இருந்தால் யார் பிரியாணி போடுவார்கள்?

போன வாரம் நீ யாரோ செய்துபோட்ட தமிழ்நாட்டு ரோட்டு வரைபடத்தை விளையாட்டில் ஏற்றி, சமயபுரத்திலிருந்து திருச்சிக்குள் ஓட்டலாம் என்றாய். டோல்கேட்டைத் தாண்டியதும் நான் என்ன செய்தேன்? இங்கே பழகியபடி வலது பக்கமாகவே ஓட்டினேன். எதிரே வந்த அத்தனை பஸ்ஸும் எனக்கு ஹாரன் அடித்தது. போனில் நீ சிரித்துக்கொண்டே "என்னங்க, இடது பக்கம், இடது பக்கம்! இது நம்ம ஊருங்க!" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நஜ்மு. எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதே மறந்துபோனவன் அங்கே வந்து என்ன ஓட்டுவான்?

அதனால் சின்ன கேபினெட். கறுப்பு, விளக்கு இல்லாதது. நீ முதலில் எடுத்த முடிவுதான் சரி.

உன்,
ரசூல்


தென்னூர்
8-12-2025

ஹஃப்ஸா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. கார்டை விற்கும்படி எழுத்தில் வந்துவிட்டது, கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே அது செல்லும். சட்டம் போட்டது நான், நானே மீற மாட்டேன். கார்டுக்கு ஆள் பார்க்கும்படி ஹரிபிரசாத்திடம் சொல்லிவிட்டேன். எழுத்தில் வந்ததை எழுத்தால் மட்டுமே மாற்றலாம் என்பதைத் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

சக்கரக் கணக்கைப் படித்தேன். மரியாதை சக்கரத்துக்கு இவ்வளவு என்று வருமானால், லைப்ரேரியனுக்கு ஒன்றும் கிடைக்காது. என் நாற்காலிக்கு நாலு கால்தான், அதில் ஒன்று ஆடுகிறது. பிரியாணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு இந்த ஊரில் யாரும் பிரியாணி போடுவதில்லை என்பது உண்மை. ரசம் போடுவார்கள். நான் பதினாறு வருடமாகச் சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கும்.

பக்கம் மறந்துபோனதைப் பற்றி: நீங்கள் வலது பக்கம் ஓட்டியது மொத்தம் பதினொரு நிமிடம். அதற்குப் பிறகு கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல் எல்லாம் இடது பக்கமாகவே வந்தீர்கள். நான் பின்னால் வந்தேன், எனக்குத் தெரியும்.

இப்போது எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மறுபடி அதே வழியில் ஓட்டினோம். சமயபுரத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை அரிசி மூட்டை. நீங்கள் முன்னால் போனீர்கள். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டீர்கள். நானும் நிறுத்தினேன். பின்னால் ஒன்பது வண்டி நின்றது. ஹாரன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் போனில் "என்னங்க, ஆச்சா?" என்றேன். "நெட் கட் ஆயிடுச்சு நஜ்மு" என்றீர்கள்.

நெட் கட்டானால் அந்த வண்டி திரையிலிருந்து மறைந்துவிடும். ஹஃப்ஸாவின் பழைய லேப்டாப்பில் எனக்கு அப்படி எத்தனையோ முறை ஆகியிருக்கிறது. உங்கள் வண்டி மறையவில்லை. அங்கேயே நின்றது. பிரேக் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தது. பிரேக்கில் கால் இருந்தால்தான் அந்த விளக்கு எரியும். புதுக் கார்டில் அது நன்றாகத் தெரிகிறது.

பாலத்தைத் தாண்டினால் சத்திரம். சத்திரத்திலிருந்து தென்னூர் பத்து நிமிடம்.

நான் உங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். இடம் இருந்தது. போகவில்லை. நீங்கள் எடுக்கும்வரை நின்றேன்.

கார்டுக்கு லால்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், பெயர் இளவரசன். வியாழக்கிழமை, பதினெட்டாம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்களிடமிருந்து வேறு எழுத்து வராவிட்டால் கொடுத்துவிடுவேன்.

குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கம்பளி கார்டோடு இங்கே வந்துவிட்டது.

நஜ்முன்னிசா


தம்மாம்
12-12-2025, வெள்ளி

அன்புள்ள நஜ்மு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அந்த இளவரசனுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிடு. நல்ல மனிதராக இருந்தால் கோபப்பட மாட்டார்.

நெட் கட்டாகவில்லை. நீ எழுதியது சரி.

பெரிய கேபினெட்டையே வாங்கு. கறுப்பு, விளக்கு இல்லாதது. இந்த முறை அளவு கேட்டுக்கொண்டேன். இம்தியாஸ் இணையத்தில் பார்த்துச் சொன்னான், கார்டு முப்பத்து மூன்று என்றால் கேபினெட்டுக்குள் குறைந்தது முப்பத்தாறு இருக்க வேண்டுமாம், வயர் மடங்க இடம் வேண்டும். ஹரிபிரசாத்திடம் ஒரு முறை கேட்டுக்கொள். பகல் பத்துக்கு முன்னால் முடித்துத் தரச் சொல். சாப்பாட்டு மேஜை நமக்குத் தேவைப்படும்.

என் பெரிய பயணப் பெட்டிக்குள் இரண்டு டார்ச் லைட்டும் ஒரு பூட்டும் இருக்கும். பூட்டுக்குச் சாவி இல்லை, தூக்கிப் போட்டுவிடு. சின்னப் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருக்கிறது. பரணில் ஏற்றும்போது அந்தப் பக்கம் பிடித்துத் தூக்காதே.

சேக் மைதீன் மச்சானிடம் லாரியின் டயர் எந்த வருடத்தது என்று கேட்டு எழுது. முன் டயர் மட்டும் போதும்.

ஹஃப்ஸாவுக்கு இந்த முறை உடுப்பு ஒன்றும் வாங்கவில்லை.

லேப்டாப்பை இம்தியாஸ் எடுத்துக்கொண்டான். மவுஸையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

உன்,
ரசூல்